கறுப்பு மீன் கேட்டு வந்தவர்கள்

பெல்மதுளையில் இருந்து ரக்குவானைப் பக்கம் போகும் பாதையில், ரப்பர் தோட்டத்துக்குத் திரும்புகிற முடக்கில் என் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் இரண்டு அறையும் குசினியும். அரிசி, பருப்பு, மிளகாய், தேங்காயெண்ணெய், புகையிலை, சவுக்காரம், கருவாடு எல்லாம் விற்றேன். கருவாட்டுச் சாக்கு வாசலுக்கு இடது பக்கம், மற்றச் சாமான்களில் வாடை ஏறாத தூரத்தில் இருக்கும். யாராவது வந்து கறுப்பு மீன் இருக்கிறதா என்று கேட்டால் நான் உடனே சாக்குப் பக்கம் திரும்ப மாட்டேன். முதலில் கேட்கிறவர் யார் என்று பார்ப்பேன். அது தெரியாமல் அந்தச் சாமானை எடுத்துக் கொடுக்க முடியாது.

லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிற ஆட்கள் கேட்டால் அது பலயா என்கிற கடல் மீனின் கருவாடு. காய்ந்து விறகுக் கட்டையாக இறுகிப் போய், வெட்டினால் உள்ளேயும் கறுப்பாகவே இருக்கும். கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைப்பார்கள். ஆனால் அதே லயத்தில் புதுக்கோட்டைப் பக்கத்தில் இருந்து வந்த சிலருக்குக் கறுப்பு மீன் என்றால் கருவாடே இல்லை, கண்மாயில் பிடிக்கிற விரால். என் கடையில் உயிர் விரால் கிடைக்காது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே கேட்பார்கள். இல்லை என்று நான் சொல்வேன். ஊர்க் கண்மாய் எவ்வளவு பெரிசு என்று கொஞ்ச நேரம் சொல்லிவிட்டு, பலயாவை வாங்கிக்கொண்டு போவார்கள்.

கிராமத்துச் சிங்களவர்களுக்கு அது ஹூங்கா. மாணிக்கக் குழி வெட்டி, கல் ஒன்றும் கிடைக்காமல் கைவிட்ட பள்ளங்களில் மழைத் தண்ணீர் நிற்கும் அல்லவா, அந்தச் சேற்றில் கிடக்கிற வழுவழுப்பான மீன். அதன் முள் குத்தினால் ஆறடி ஆம்பிளையும் உட்கார்ந்து அழுவான். குழி வேலை செய்கிற ஒரு ஆள் மழைக்காலத்தில் அதைப் பானையில் கொண்டுவந்து, களு மாளு, அவன் பாஷையில் கறுப்பு மீன், வேண்டுமா என்று என்னிடம் கேட்பான். வேண்டாம் என்பேன். அடுத்த மழைக்கும் வந்து கேட்பான்.

பங்களா சமையல்காரர் ஒருவர் இருந்தார், எல்லாரும் அப்பு என்றுதான் கூப்பிடுவோம். அவர் கறுப்பு மீன் என்று சொன்னால், துரை காலையில் ரொட்டியோடு சாப்பிடுகிற, புகை போட்டு டின்னில் அடைத்த சீமை மீன். அதற்குக் கொழும்புக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். சீமை மீனைக் கறுப்பு மீன் என்று சொல்வது துரைக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாரோ என்று நான் கேலி செய்வேன். துரைக்கு மீனின் உள்பக்கம்தான் தெரியும், புகையில் கறுத்த வெளித்தோல் எனக்குத்தான் தெரியும் என்பார்.

என்னைக் கேட்டால் எனக்கு எல்லாம் தராசில் நிற்கிற சாமான். கலியாணம் முடித்த பிறகுதான் எனக்கும் ஒரு கறுப்பு மீன் ஆயிற்று.

என் பொஞ்சாதி பேருவளைக்காரி. கடற்கரையில் பிறந்தவளைக் கொண்டுவந்து இந்த மழைக்காட்டில் வைத்தேன். வந்த புதிதில் கருவாட்டுச் சாக்கைத் திறந்து பார்த்துவிட்டு, இதையா இங்கே மீன் என்று சாப்பிடுகிறார்கள் என்று கேட்டாள். இரத்தினபுரிச் சந்தைக்குப் பச்சை மீன் வருகிற நாளில் நான் போனால் பலயா வாங்கி வரவேண்டும். அதைத் துண்டு போட்டு, கொறக்காப்புளியை அரைத்து, மிளகும் உப்பும் சேர்த்துப் பிசறி, மண்சட்டியின் அடியில் வாழையிலையை விரித்து அடுக்கி வைப்பாள். தண்ணீர் வற்றி, புளி ஒட்டி, துண்டெல்லாம் கன்னங்கரேல் என்று ஆகும்வரை அடுப்பை விட்டு நகர மாட்டாள். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, கருக்கிவிட்டாயே என்று சொன்னேன்.

"கறுத்தாத்தான் கெடாம ஈக்கும். தின்னுட்டுச் செல்லுங்க, கருகினதா இல்லையாண்டு."

தின்றேன். அதன்பிறகு எனக்கு வேறு கறி தேவைப்படவில்லை. அவள் இதை லயத்துப் பெண்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எங்கள் ஆளுக்குக் கறுப்பு மீன் இருந்தால் போதும், கோபமெல்லாம் ஓடிப்போகும் என்று. ரப்பர்ப் பால்வெட்டு முடிந்து வருகிற பெண்கள் பின்பக்கம் குசினி வாசலில் குந்தி, அவளோடு வெற்றிலை போட்டுக்கொண்டு கதைப்பார்கள். ஒருத்தி மட்டும் கதையில் சேராமல் அடுப்பையே பார்த்துக்கொண்டு இருப்பாள் என்று பொஞ்சாதி சொல்வாள். நான் கடையில் இருந்து இருமினால் ஒரு நிமிஷம் அடங்கும், பிறகு பழையபடி சிரிப்புச் சத்தம் கேட்கும். லயத்தில் என்னை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்; கோபக்கார நானா என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுகிற அளவுக்கு நான் கோபப்பட்டும் இருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து டிஸ்பென்சர் வந்து பார்த்து மருந்து கொடுத்தார். காய்ச்சல் விட்டது, திரும்ப வந்தது, பிறகு விடவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் மௌத்தானாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அன்று பின்னேரமே பெல்மதுளை மையவாடியில் அடக்கினோம். லயத்து ஆம்பிளைகள் எல்லாரும் மையத்தைத் தூக்கிய சந்தூக்குப் பெட்டிக்குப் பின்னால் மழையில் நடந்து வந்தார்கள். பெண்கள் பாதை ஓரமாக நின்றார்கள். நான் அழவில்லை. என்னைப் பற்றி யாராவது ஏதாவது நினைப்பார்களே என்றுகூடத் தோன்றவில்லை. மண் ஈரமாக இருக்கிறது, மண்வெட்டியில் ஒட்டுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேருவளையில் இருந்து வந்த அவளுடைய ஆட்கள் மூன்று நாள் இருந்தார்கள். எங்கள் முஸ்லிம் ஆட்களில் மையத்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது, மற்றவர்கள்தான் சோறு கொடுப்பார்கள். மூன்று நாளோடு துக்கம் முடிந்தது என்றுதான் சட்டம். மச்சான், அதாவது அவள் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன், கடையை விட்டுவிட்டு என்னோடு வாருங்கள் என்று கூப்பிட்டார். பிறகு பார்க்கலாம் என்றேன். அவர்கள் போனார்கள். மறுநாள் காலையில் கடைப் பலகைகளைக் கழற்றினேன். வேறு என்ன செய்வது என்று தெரியாததால்தான்.

அந்த நாட்களைப் பற்றிச் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அரிசி நிறுத்தேன். சவுக்காரக் கட்டியைக் கம்பியால் அறுத்தேன். பசித்ததா என்று தெரியாது, மதியம் ஆனதும் பாண் ரொட்டியைத் தேத்தண்ணீரில் நனைத்துத் தின்றேன். தேத்தண்ணீரில் சீனி போட்டேனா என்று தெரியாமல் திரும்பவும் போட்டேன், அதுவும் இனிக்கவில்லை. நாக்கு மரத்துப் போயிருந்தது. மிளகாயைக் கடித்துப் பார்த்தேன், உறைக்கவில்லை. குசினியில் அவளுடைய மண்சட்டி கவிழ்த்து வைத்தபடி இருந்தது. அதைப் பார்த்தேன், சட்டி என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

சாமான் வாங்க ஆட்கள் வந்தார்கள். அரிசி கேட்டார்கள், பருப்பு கேட்டார்கள், புகையிலை கேட்டார்கள். மீன் மட்டும் யாரும் கேட்கவில்லை. முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. கருவாட்டுச் சாக்கு இறங்காமல் அப்படியே நிற்பதைப் பார்த்த பிறகுதான் கவனித்தேன். வாரத்துக்கு ஒரு சாக்கு காலியாகிற இடம் அது. கடைக்கு வருகிறவர்கள் சாக்கு இருக்கிற பக்கம் பார்க்காமலே நின்றார்கள். ஒரு பெண் வழக்கமாகச் சாக்கின் மேல் கூடையை வைத்துவிட்டு நிற்பாள், அவள்கூடக் கூடையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தோட்டத்தில் வேலை இல்லாத நாள். மத்தியானம் பெல்மதுளைப் பக்கம் இருந்து லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் மேலே ஏறி வந்தார்கள். கடையை நெருங்கியதும் பேச்சை நிறுத்தினார்கள். தலையில் இருந்த பொட்டலத்தை ஒருத்தி இறக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். கருவாடு விற்கிறவனிடம் கருவாட்டை மறைக்க முடியுமா? வாடை வாசலைத் தாண்டி வந்தது. என் நாக்குத்தான் மரத்திருந்தது, மூக்கு அல்ல. பலயா. என் கடையில் சாக்கு நிறைய இருக்கிற அதே பலயாவை, மைல் கணக்கில் நடந்து போய் வேறு கடையில் வாங்கி, என் கண்ணில் படாமல் கொண்டு போகிறார்கள்.

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். சாவு நடந்த வீடு, தீட்டு. அரிசியைக் கழுவி உலையில் போடுவார்கள், பருப்பும் வேகும், சவுக்காரம் தேய்ந்து போகும், அதெல்லாம் பரவாயில்லை. மீன் மட்டும் என் கைபட்டால் ஆகாது போலிருக்கிறது. மழையில் மையத்துக்குப் பின்னால் நடந்து வந்த ஆட்கள்தான் இப்படிச் செய்கிறார்கள். அந்த நாட்களில் எனக்குள் அசைந்த ஒரே சங்கதி அந்தக் கோபம்தான். அதுவும் அதிக நேரம் நிற்கவில்லை. பின்னேரம் ஆவதற்குள் அதுவும் அடங்கி, இனி இங்கே இருந்து என்ன ஆகப்போகிறது என்ற ஒரு சலிப்பு மட்டும் மிச்சமாக நின்றது. மறுநாள் கீழே போகிற வண்டிக்காரனிடம், மச்சானை வண்டியோடு வரச்சொல், கடையைக் கட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

செய்தி லயத்துக்கு எப்படிப் போனது என்று தெரியாது. தோட்டத்தில் எதுவும் நிற்காது. இரண்டு நாள் கழித்துக் கங்காணி வந்தார். தோட்டத்து ஆட்களை வேலைக்குக் கூட்டிப் போகிற பெரியவர், குடை இல்லாமல் வெளியே வராதவர். அன்று குடையை மடக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்து, மச்சான் எப்போது வருகிறார் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் வரைக்கும் இருந்துட்டுப் போங்க நானா. அதுக்கு முந்திக் கெளம்பிறாதீங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. வெள்ளி போனால் என்ன, ஞாயிறு போனால் என்ன என்றுதான் இருந்தது எனக்கு.

மச்சான் வெள்ளிக்கிழமை வந்து, இரண்டு நாள் சும்மா இருப்பதற்குப் புறுபுறுத்துக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமானை வண்டியில் ஏற்றத் தொடங்கினோம். தராசு, டின்கள், அரிசி மூட்டைகள் எல்லாம் ஏறின. மண்சட்டியை நான் எடுக்கவில்லை, மச்சான்தான் வைக்கோல் சுற்றி வைத்தார். கருவாட்டுச் சாக்கைக் கடைசியில், மற்றதில் வாடை ஏறாமல் பின்னால் தனியாக வைத்தோம். மாட்டைப் பூட்டுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

அப்போது லயத்துப் பாதையில் ஆட்கள் இறங்கி வந்தார்கள். எல்லாரும் குளித்துத் தலை சீவி இருந்தார்கள். முன்னால் கங்காணி, பக்கத்தில் அவருடைய மனைவி, பின்னால் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம். பெண்களின் இடுப்பில் மூடி போட்ட சட்டிகள். கடையில் சாமான் இல்லாமல் மொட்டையாகக் கிடந்த பலகையைக் கங்காணி மனைவி ஈரத் துணியால் துடைத்து, வாழையிலையைப் போட்டார். யாரும் என்னைக் கேட்கவில்லை. கங்காணி தொண்டையைச் செருமினார்.

"இன்னையோட பதினாறு நானா. எழவு வீட்டு ஆளு பதினாறு வரைக்கும் கவிச்சி தொடக் கூடாது. நாங்க வந்து மீனு கேட்டா நீங்க தொட்டு நிறுக்கணும்ல, அதான் எல்லாரையும் மீனை மட்டும் பெல்மதுளையிலயே வாங்கிக்கச் சொன்னேன். கடை மீனு கண்ணுல பட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னு பொம்பளைங்க மறைச்சுக் கொண்டு போனாங்க."

எங்களில் மூன்று நாள்தான் என்பதை நான் அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை. எழவு என்றால் எல்லாருக்கும் பதினாறு என்றே நினைத்திருக்கிறார்கள். அதற்காக அத்தனை வீடும் வேலை இல்லாத ஒரே நாளில் பெல்மதுளைக்கு நடந்திருக்கிறது. நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பதினாறாம் நாள் அவர்கள் ஆடு அடித்துக் கறி சமைப்பார்கள். அவர்கள் அறுத்த கறியை நான் சாப்பிட மாட்டேன். மீனுக்கு அந்தத் தடை இல்லை, யார் கையால் சமைத்தாலும் சாப்பிடலாம் என்று என் பொஞ்சாதி எப்போதோ குசினி வாசலில் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறாள். எங்கள் ஆளுக்குக் கறுப்பு மீன் இருந்தால் போதும் என்பதையும்தான் எல்லாருக்கும் சொல்லியிருந்தாளே. ஆகவே கங்காணி மனைவி, நானாவுக்குக் கறுப்பு மீன் வைத்துக் கொடுத்துக் கவிச்சி சேர்க்க வேண்டும் என்று லயம் பூராவும் சொல்லியிருக்கிறார். எந்த மீன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? கறுப்பு மீன் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

மூடிகளைத் திறந்தார்கள். கத்தரிக்காய் போட்ட பலயாக் கருவாட்டுக் குழம்பு ஒரு சட்டி. புதுக்கோட்டை ஆட்கள் வயல் ஓடையில் இறங்கி எங்கேயோ ஒரு விராலைப் பிடித்து, முருங்கைக்காய் போட்டு வைத்திருந்தார்கள். கிராமத்தில் இருந்து குழி வேலை செய்கிற ஆளும் வந்திருந்தான், அவனுக்கு யார் சொன்னார்களோ. ஹூங்காவை அவன் வீட்டில் தேங்காய்ப்பாலில் ஆக்கி, பானையோடு கொண்டுவந்து பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு, வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் தள்ளி நின்றான். பங்களா அப்பு ஒரு டின்னைக் கொண்டுவந்து திறந்தார். துரையிடம் கேட்டு வாங்கினாரா, கேட்காமல் எடுத்தாரா என்று யாரும் விசாரிக்கவில்லை. ஒருவர் வைத்ததைப் பார்த்து மற்றவர், இதுவா கறுப்பு மீன் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். ஆனாலும் நகர்ந்து அதற்கும் பலகையில் இடம் விட்டார்.

சோறு போட்டார்கள். உட்கார்ந்தேன். அவர்கள் நின்று பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பலயாவைத் தின்றேன், விராலைத் தின்றேன், அத்தனை வருஷம் வேண்டாம் என்று சொன்ன ஹூங்காவையும் தின்றேன், டின் மீனையும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். எல்லாவற்றையும் விழுங்கினேன். உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம்கூட இல்லை.

கடைசியாக ஒரு பெண் முன்னால் வந்தாள். குசினி வாசலில் மற்றவர்கள் கதைத்துக்கொண்டு இருக்கும்போது அடுப்பையே பார்த்துக்கொண்டு இருப்பாள் என்று என் பொஞ்சாதி சொன்ன பால்வெட்டுக்காரி இவள்தான். சின்ன மண்சட்டி. உள்ளே வாழையிலை. அதன்மேல் கன்னங்கரேல் என்று ஒட்டிப் பிடித்த நாலு துண்டு.

"எம் புருசன் நேத்து இரத்தினபுரிக்குப் போயி வாங்கியாந்தாருங்க. பச்சை மீனுதான்."

பிய்த்து வாயில் வைத்தேன். கொறக்காப்புளி நாக்கின் இரண்டு பக்கமும் பிடித்தது. பிறகு மிளகு. பிறகு உப்பு. தாடையெல்லாம் கூசியது. அத்தனை நாளும் என் பொஞ்சாதி மௌத்தான செய்தியை நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன், ஆனால் எனக்குச் சொல்லவில்லை. அவள் இல்லை என்பது அந்தத் துண்டு வாயில் இருக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனை பேருக்கு முன்னால், கையில் சோற்றோடு, அழுதேன். கோபக்கார நானா அழுவதை அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், யாரும் கிட்ட வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

முகத்தைத் துடைத்த பிறகு அந்தப் பால்வெட்டுக்காரியிடம் கேட்டேன், கொறக்கா இவ்வளவுதான் போட வேண்டும் என்று அக்கா சொல்லிக் கொடுத்தாளா என்று.

"அளவெல்லாம் சொல்லலீங்க. அக்கா கையால அள்ளிப் போடும், நான் பாத்துக்கிட்டே இருப்பேன்." தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். ரப்பர்ப் பால் காய்ந்து விரல் ஓரமெல்லாம் கறுத்திருந்தது. "என் கையி சின்னதுங்க நானா. அக்கா கை ஒண்ணுன்னா, எனக்கு ஒண்ணரைக் கை."

வெளியே மாடு தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. இருட்டுவதற்குள் இரத்தினபுரியைப் பிடிக்க வேண்டும், கயிற்றைக் கட்டட்டுமா என்று மச்சான் வாசலில் நின்று கேட்டார். நான் இன்னொரு துண்டை எடுத்து இலையில் வைத்துக்கொண்டேன்.

"இறக்குங்க மச்சான்," என்றேன். "மீன் சாக்கை முதல்ல இறக்குங்க. ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கிறாங்க."